போத்தலில் வருவது உரமா, உயிரா?

மாணவர்களே, 'பாக்டீரியா' என்ற சொல்லைக் கேட்டதும் உங்கள் நினைவுக்கு முதலில் வருவது என்ன? காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அழுக்குக் கை. பெரும்பாலோர் இப்படித்தான் சொல்வீர்கள். வீட்டில் நாம் அதற்கு வைத்திருக்கும் பெயரே 'கிருமி'. கிருமி என்றால் கொல்ல வேண்டியது. சவர்க்கார விளம்பரம் முதல் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைச் சுவரொட்டி வரை எல்லாம் நமக்கு அதைத்தான் சொல்லித் தருகின்றன.

இதற்கு நேர்மாறான ஒரு குரலும் இப்போது கேட்கிறது. பூச்செடிக் கடைகளிலும் இணைய அங்காடிகளிலும் 'நல்ல பாக்டீரியா' போத்தல்களில் விற்கப்படுகிறது. ஒரு மூடி எடுத்துத் தண்ணீரில் கலந்து ஊற்றினால் மிளகாய் காய்த்துக் குலுங்கும், உரமே வேண்டாம், நோயே வராது என்கிறார்கள். பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்கும் இந்தப் போத்தல்கள் வந்துவிட்டன.

ஒரு குரல் பாக்டீரியாவைப் பேயாக்குகிறது; மற்றொன்று அதை மந்திரத் தண்ணீராக்குகிறது. இரண்டுமே அது ஓர் உயிர் என்பதை மறந்துவிடுகின்றன. உயிர் என்றால் அதற்கு உணவு வேண்டும், தகுந்த இடம் வேண்டும், சில வேலைகள் தெரியும், சில தெரியாது. மண் பாக்டீரியாவை வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதன் உண்மையான ஆற்றலை அறிந்து, கேள்வி கேட்டு, பிறகு பயன்படுத்துங்கள் என்று சொல்லவே எழுதுகிறேன்.

வேரோரம் நடக்கும் வேலை

ஒரு கிராம் வளமான மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: பேசில்லஸ் சப்டிலிஸ். 1835இல் ஜெர்மானிய அறிவியலாளர் எஹ்ரென்பெர்க் இதை முதலில் விவரித்தார். இன்று நாம் அழைக்கும் பெயரை 1872இல் ஃபெர்டினாண்ட் கோன் சூட்டினார். குச்சி வடிவம். உணவு தீர்ந்து சூழல் கெட்டுப்போனால் தன் மரபுப்பொருளைத் தடித்த உறைக்குள் பூட்டி 'உள்வித்து' ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அந்த உள்வித்து வறட்சியையும் வெயிலையும், கொதிக்கும் நீரையும்கூடத் தாங்கும். நல்ல காலம் வந்ததும் மீண்டும் முளைத்துப் பெருகும். இந்த ஒரு பண்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மூன்று இடங்களில் தேவைப்படும்.

செடியின் வேர், தண்ணீரையும் தாதுவையும் உறிஞ்சுவதோடு நிற்பதில்லை. இலை தயாரித்த உணவில் ஒரு பகுதியை வேர் மண்ணுக்குள் கசியவிடுகிறது. சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலமும் அதில் உண்டு. இலையில் நோய் தாக்கியபோது வேர் மாலிக் அமிலத்தை அதிகமாகக் கசியவிட்டு பேசில்லஸ் சப்டிலிஸைத் தன்னிடம் வரவழைப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். வந்த பாக்டீரியா வேரின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து வாழத் தொடங்குகிறது.

சாப்பாடு போட்ட செடிக்கு அது என்ன செய்கிறது? பல பேசில்லஸ் வகைகள் ஆக்சின் போன்ற வளர்ச்சி ஊக்கிகளைச் சுரக்கின்றன. வேர் கிளைத்துப் பரவுகிறது. சில வகைகள் அமிலங்களைச் சுரந்து மண்ணில் இறுகிக் கிடக்கும் பாஸ்பேட்டைக் கரைக்கின்றன. சர்ஃபாக்டின், இட்டூரின் போன்ற பொருள்களை உண்டாக்கிப் பூஞ்சைகளைத் தடுக்கின்றன. செடியின் சொந்தத் தற்காப்பையும் தட்டி எழுப்புகின்றன.

பாஸ்பேட்டைப் பற்றி ஒரு சொல். மலேசிய மண்ணில் பெரும்பகுதி மழையில் நெடுங்காலம் கரைந்து தேய்ந்த, அமிலத்தன்மை மிகுந்த மண். அதில் உள்ள இரும்பும் அலுமினியமும் பாஸ்பேட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. நாம் போடும் உரத்தில் ஒரு பங்கு செடிக்குக் கிடைக்காமல் மண்ணிலேயே சிறைப்பட்டுவிடுகிறது. அதைத் திறக்கத் தெரிந்த பாக்டீரியாவின் மேல் விவசாயத் துறை ஆர்வம் காட்டுவதில் வியப்பில்லை.

தோட்டப்புறத்தில் நாம் கண்ட பாடம்

நைட்ரஜன் கதை இன்னும் சுவையானது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் செடி அதை நேரடியாகப் பயன்படுத்த முடியாது. வேதியியல் பாடத்தில் ஹேபர் செயல்முறை படிக்கிறீர்கள் அல்லவா? ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸ் வெப்பம், வளிமண்டலத்தைப் போல் 200 மடங்கு அழுத்தம், இரும்பு வினையூக்கி. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவ் ஆலையில் இம்முறையில் அம்மோனியா உற்பத்தி தொடங்கியது. அதே வேலையை ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் அவரைக் குடும்பச் செடிகளின் வேர் முடிச்சுக்குள், சாதாரண மண் வெப்பத்தில், ஓசையில்லாமல் செய்கின்றன. ஹெல்ரீகல், வில்ஃபார்ட் என்ற இருவர் 1880களில் இந்த உறவை நிறுவினர். 1888இல் பெய்ஜெரிங்க் முடிச்சிலிருந்து அந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்.

இது எங்கோ ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தோடு முடிந்த செய்தி இல்லை. உங்கள் தாத்தா பாட்டி ரப்பர்த் தோட்டத்திலோ செம்பனைத் தோட்டத்திலோ வேலை செய்தவர்களாக இருந்தால் கேட்டுப் பாருங்கள். மறுநடவு செய்த இளங்கன்றுகளுக்கு இடையே தரையெல்லாம் படர்ந்து கிடந்த கொடிகளை அவர்களுக்குத் தெரிந்திருக்கும். புவேராரியா, கலோப்போகோனியம், சென்ட்ரோசெமா, இப்போது பரவலாக நடப்படும் முக்குனா. எல்லாமே அவரைக் குடும்பத்து மூடுபயிர்கள். மண் அரிப்பைத் தடுக்கவும் களையை அடக்கவும் அவற்றை நட்டார்கள். அத்துடன், வேரில் இருந்த பாக்டீரியா காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தர, கொடியின் இலை உதிர்ந்து மக்கி மண்ணுக்கு உரமானது. போத்தலும் இல்லை, விளம்பரமும் இல்லை. பாக்டீரியாவுக்கு வீடும் சாப்பாடும் கொடுத்தார்கள். அது தன் வேலையைப் பார்த்தது. இந்தப் பாடத்தைத்தான் இன்றைய விற்பனைக் கூச்சலில் நாம் மறந்துவிடக் கூடாது என்கிறேன்.

சலவைத் தூள் முதல் ஏடிஸ் கொசு வரை

மண் பாக்டீரியா தொழிற்சாலைக்கும் போயிருக்கிறது. சட்டையில் பட்ட முட்டைக்கறையும் இரத்தக்கறையும் புரதக் கறைகள். அவற்றைச் சிதைக்கும் சப்டிலிசின் என்ற நொதி பேசில்லஸ் குடும்பத்திலிருந்து கிடைப்பது. சவர்க்காரத்தின் காரத்தன்மையில் பெரும்பாலான நொதிகள் செயலிழந்துவிடும். சப்டிலிசின் அதைத் தாங்கும். அதனால்தான் சலவைத் தூளில் அது இடம்பிடித்தது. சுடுநீர் இல்லாமலே கறை போகிறது, மின்சாரமும் மிச்சம். மாவுப்பொருளைச் சர்க்கரைப் பாகாக மாற்றும் ஆலைகளில் பயன்படும் அமிலேஸ் நொதியும் இதே குடும்பத்தின் கொடைதான். ஜப்பானியர்கள் காலை உணவாக உண்ணும் நாட்டோ, சோயாவை பேசில்லஸ் சப்டிலிஸ் கொண்டு நொதிக்கவைத்துச் செய்வது. பேசிட்ராசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, 1943இல் நியூயார்க்கில் ஒரு சிறுமியின் கால் காயத்தில் ஒட்டியிருந்த பேசில்லஸிலிருந்து கிடைத்தது. பாக்டீரியாவின் பெயரோடு அந்தச் சிறுமியின் பெயரும் சேர்ந்தே மருந்தின் பெயரானது.

நமக்கு இன்னும் நெருக்கமான ஓர் உறவினர் உண்டு: பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ். 1901இல் ஜப்பானில் பட்டுப்புழுக்களைக் கொன்ற நோயை ஆராய்ந்த இஷிவாத்தா இதைக் கண்டார். 1915இல் பெர்லினர், ஜெர்மனியின் துரிஞ்சியாவின் பெயரால் இதற்குப் பெயரிட்டார். 1976இல் இஸ்ரேலின் நெகெவ் பாலைவனத்துக் குட்டை ஒன்றில் இதன் ஒரு துணைவகை கண்டெடுக்கப்பட்டது. அது கொசுப் புழுக்களைக் கொல்கிறது. டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் புழுக்களை ஒழிக்க மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இது உண்டாக்கும் புரதப் படிகம் கொசுப் புழுவின் காரத்தன்மையுள்ள குடலில் கரைந்து, குடல் சுவரில் துளையிடுகிறது. நம் இரைப்பையோ அமிலத்தன்மை உடையது. அந்தப் புரதம் பற்றிக்கொள்வதற்கான இடமும் நம் குடலில் இல்லை. புழுவைக் கொல்லும் பொருள் நமக்குத் தீங்கு செய்யாத காரணம் இதுதான்.

ஒரே குடும்பம், வெவ்வேறு குணம்

'அப்படியானால் பேசில்லஸ் என்று எழுதியிருந்தால் வாங்கிவிடலாமா, சார்?' என்று நீங்கள் கேட்கலாம். பொறுங்கள். கால்நடைகளையும் மனிதரையும் கொல்லும் ஆந்திராக்ஸ் நோயை உண்டாக்குவதும் ஒரு பேசில்லஸ்தான். இரவு சமைத்து வெளியிலேயே வைத்த சோற்றை மறுநாள் வறுத்துச் சாப்பிட்டு வாந்தி எடுத்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் காரணமாவது பேசில்லஸ் சீரியஸ். மண்ணிலிருந்து அரிசியோடு வரும் அதன் உள்வித்து சமையலில் சாவதில்லை. சோறு ஆறியதும் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகிறது. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. உள்வித்தை நினைவில் வைக்கச் சொன்னேன்; முதல் இடம் இது.

ஆக, 'நல்ல பாக்டீரியா' 'கெட்ட பாக்டீரியா' என்று இரண்டு கூடைகளில் போட்டுப் பிரிப்பது அறிவியல் ஆகாது. எந்த இனம், எந்த வகை, எந்த இடத்தில் என்று கேட்பதுதான் அறிவியல். விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளும் இதிலிருந்தே பிறக்கின்றன.

நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: இதில் இருப்பது எது? 'பயன்தரும் நுண்ணுயிர்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. பேரினம், சிற்றினம், இயன்றால் எந்த வகை என்பதும் போத்தலில் இருக்க வேண்டும். மருந்துக் கடையில் 'நல்ல மாத்திரை' என்று எழுதிய பொட்டலத்தை வாங்குவீர்களா?

இரண்டாம் கேள்வி: உயிரோடு இருக்கிறதா, எத்தனை இருக்கிறது? ஒரு மில்லிலிட்டரில் உயிருள்ள செல்கள் எத்தனை, எந்த நாள் வரை என்று தெரிய வேண்டும். உள்வித்து உருவாக்கும் பேசில்லஸ், அலமாரியில் பல மாதங்கள் தாங்கும். இது இரண்டாம் இடம். ரைசோபியத்துக்கு அந்தக் கவசம் கிடையாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் கிடந்தாலே பெருமளவு செத்துவிடக்கூடும். செத்த பாக்டீரியாவை ஊற்றிவிட்டுப் பலனுக்குக் காத்திருப்பதில் பொருளில்லை.

மூன்றாம் கேள்வி: எந்தச் செடிக்கு, எந்த மண்ணுக்கு? சோயாவின் வேரில் முடிச்சுப் போடும் பாக்டீரியா எல்லா அவரைச் செடிகளிலும் போடாது. கத்திரிக்காயிலும் வெண்டையிலும் போடவே போடாது. மிகுந்த அமில மண் பல வகைகளுக்கு ஒத்துவராது. நைட்ரஜன் உரத்தை அள்ளிப் போட்ட மண்ணில் செடி முடிச்சுகளைக் குறைத்துக்கொள்ளும். கையில் சோறு இருக்கும்போது சமையல்காரருக்குச் சம்பளம் கொடுப்பானேன்? மேலும், மண்ணில் ஏற்கெனவே வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களோடு போட்டியிட்டுத்தான் புதிதாக வந்தது பிழைக்க வேண்டும். ஒரு தோட்டத்தில் பலன் தந்தது பக்கத்துத் தோட்டத்தில் தராமல் போவதற்கு இவையெல்லாம் காரணங்கள்.

நான்காம் கேள்வி: எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்? 'ஊற்றுவதற்கு முன், ஊற்றிய பின்' என்று இரண்டு படங்களைக் காட்டுவது சான்று ஆகாது. ஒரு மாதத்தில் செடி எப்படியும் வளரும். பக்கத்திலேயே ஊற்றாத செடி ஒன்று, அதே மண்ணில், அதே வெயிலில் இருந்ததா? அதுதான் கேள்வி.

அப்படியானால் உரத்தை நிறுத்திவிடலாமா?

பாக்டீரியாவின் பெருமையைக் கேட்டதும் சிலர் இரசாயன உரத்தை இன்றே கைவிடலாம் என்று துள்ளுவார்கள். இலங்கை 2021இல் அதைச் செய்தது. இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்தது. நெல் விளைச்சல் சரிந்தது, அரிசியை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று, தேயிலையும் பாதிக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். மண்ணில் உயிர் பெருகக் காலம் வேண்டும். ஓர் அரசாணையால் அதை முளைக்கவைக்க முடியாது.

பிரேசில் வேறு வழியில் போனது. ஜோஹன்னா டோபெரெய்னர் என்ற மண் அறிவியலாளர், நைட்ரஜன் உரத்தை நம்பாமல் பாக்டீரியாவை நம்பும் சோயா சாகுபடிக்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். அந்நாட்டு மண்ணுக்கும் பயிருக்கும் பொருந்தும் வகைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். விதையோடு கலந்து விதைத்தார்கள். இன்று உலகிலேயே அதிகம் சோயா விளைவிக்கும் நாடு பிரேசில். அங்கு அந்தப் பயிருக்கு நைட்ரஜன் உரம் ஏறக்குறையப் போடுவதே இல்லை. ஆனால் பாஸ்பரசும் பொட்டாசியமும் போடத்தான் செய்கிறார்கள். பாக்டீரியாவுக்குத் தெரிந்த வேலையை அதனிடம் கொடுத்தார்கள். தெரியாத வேலையைக் கொடுக்கவில்லை.

2022இல் உக்ரேன் போரால் உர விலை உலகெங்கும் ஏறியபோது நம் நாட்டு விவசாயிகளும் தவித்தார்கள். போட்ட நைட்ரஜன் உரத்தில் செடி எடுத்துக்கொள்ளாத பகுதி ஆற்றுக்குப் போகிறது. கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றுக்கும் போகிறது. புவியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வலியது. உரத்தைக் குறைக்க வேண்டிய தேவை உண்மையானது. தேவை உண்மையானதாக இருப்பதால்தான் பொய்யான போத்தலின் மேல் எனக்குக் கோபம் வருகிறது. ஒருமுறை ஏமாந்த சிறு விவசாயி அடுத்த முறை நல்ல பொருள் வந்தாலும் நம்ப மாட்டார். நட்டம் அவருக்கு மட்டுமில்லை, நல்ல அறிவியலுக்கும்தான்.

நீங்கள் செய்யக்கூடியது

அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு இதையே எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கிய பாக்டீரியாப் போத்தல் ஒன்று, பச்சைப்பயறு, ஒரே அளவுள்ள 30 பூச்சாடிகள், ஒரே மண். பத்துச் சாடிகளுக்குத் தண்ணீர் மட்டும். பத்துச் சாடிகளுக்குப் போத்தல் திரவம். மீதிப் பத்துக்கு, அதே திரவத்தில் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு ஊற்றுங்கள். இந்த மூன்றாம் குழுதான் உயிர்நாடி. இத்தகைய திரவங்களில் பாக்டீரியாவுக்கு உணவாகக் கரும்புச் சர்க்கரைப் பாகும் வேறு சத்துகளும் இருக்கக்கூடும். செடி செழித்தால் அதற்குக் காரணம் பாக்டீரியாவா, பாகா? உயிரில்லாத திரவம் ஊற்றிய செடியும் அதே அளவு செழித்தால் விடை தெரிந்துவிடும்.

ஒரு நுட்பம். கொதிக்கவைத்தால் கொன்றாயிற்று என்று நினைக்காதீர்கள். உள்வித்து கொதிநீரைத் தாங்கும். இது மூன்றாம் இடம். 121 டிகிரி செல்சியஸ் நீராவி அழுத்தத்தில் 15 நிமிடம் வைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்து ஆட்டோகிளேவில் ஆசிரியரைக் கொண்டு செய்யுங்கள், நீங்களாகத் தொடாதீர்கள். சாடிகளை வரிசை மாற்றிக் கலந்து வையுங்கள். நான்கு வாரம் கழித்து உயரம், இலை எண்ணிக்கை, காயவைத்த எடை மூன்றையும் அளந்து எழுதுங்கள். மூன்று குழுக்களுக்கும் வேறுபாடே இல்லை என்று முடிவு வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அதுவும் ஒரு முடிவுதான். அதை அப்படியே அட்டவணையில் போடும் மாணவரை நான் தங்கப் பதக்கக்காரரைவிட ஒருபடி மேலாக மதிப்பேன்.

ஒரு கண்டிப்பும் உண்டு. மண்ணைத் தொடும்போது கையுறை போடுங்கள். காலில் புண் இருந்தால் வெறுங்காலோடு சேற்றில் இறங்காதீர்கள். வேலை முடிந்ததும் கை கழுவுங்கள். விட்மோர், கிருஷ்ணசாமி இருவரும் 1912இல் இரங்கூனில் விவரித்த மெலியோய்டோசிஸ் என்ற கடும் நோயின் பாக்டீரியா நம் நாட்டு மண்ணிலும் நீரிலும் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு அது மேலும் ஆபத்து. தோட்டத்து மண்ணிலிருந்து பாக்டீரியாவை எடுத்து வீட்டில் வளர்த்துப் பார்க்கும் ஆசையும் வேண்டாம்.

போத்தல் வாங்கக் காசில்லையா? கவலை வேண்டாம். பள்ளித் தோட்டத்தில் உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் செடியின் அடியில் மூடிவிடுங்கள். சமையலறைக் காய்கறித் தோலை மக்கவைத்துப் போடுங்கள். ஏற்கெனவே மண்ணில் இருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு.

பிறகு ஒரு நாள், பூக்கும் பருவத்துப் பயற்றஞ்செடி ஒன்றை வேர் அறாமல் மெதுவாகத் தோண்டி எடுத்துக் கழுவிப் பாருங்கள். வேரில் சிறு சிறு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளித் திறங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் இரத்தத்துக்கு நிறம் தரும் ஹீமோகுளோபினின் உறவுப் பொருள் ஒன்றுதான் அந்தச் சிவப்பு. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. எந்த விளம்பரத்தையும் கேட்காமல், உங்கள் கண்ணாலேயே நீங்கள் படித்துக்கொள்ளக்கூடிய விடை அது.